மெரூன் குல்லாவைத் தேடி: மாடம்பாக்கத்திலிருந்து ஒரு பனிச்சறுக்குப் பயணம்

ஊட்டிப் பதிவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியது வினையாகப் போயிற்று. "ஒலிம்பிக்ஸ் பனிச்சறுக்குப் பந்தயம் பார்க்க ஒருமுறை போயிருக்கிறேன், அதோடு ஒப்பிட்டால் ஊட்டிக் குளிரெல்லாம் ஒன்றுமில்லை" என்று பீற்றிக்கொண்டேன். உடனே பின்னூட்டத்தில் பிடித்துக்கொண்டார்கள். எந்த விமானம், விசாவுக்கு எத்தனை நாள், ஜாக்கெட் இங்கேயே வாங்கலாமா என்று கேள்விமேல் கேள்வி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விசா தேவைப்படவில்லை. மாடம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன், திருமுடிவாக்கத்தில் இறங்கினேன். மொத்தம் இருபத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும். பந்தயம் என்னவோ இத்தாலியில்தான் நடந்தது. நான் போனது அதைக் காட்டும் ஒரு டிவியைத் தேடி. இப்போது அடுத்த குளிர்கால ஒலிம்பிக்ஸ் நெருங்கிவிட்டதால், என்னைப்போல யாராவது கிளம்பினால் உதவட்டும் என்று எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

2006 பிப்ரவரி. நான் அப்போது மாடம்பாக்கத்தில் குடியிருந்தேன், பக்கத்து மெட்ரிக் பள்ளியில் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். தாம்பரம் பக்கத்து டீச்சருக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்றால், அம்மை. 2002 பிப்ரவரியில் எனக்கு அம்மை போட்டது. உடம்பு முழுக்க நெருப்பாக எரிய, வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினால் ஒரு சேனலில் பனி. அமெரிக்காவில் அந்த வருஷ ஒலிம்பிக்ஸ். செங்குத்தான மலையில் ஒரு மனிதன் ரயில் வேகத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறான். அவனைப் பார்த்தாலே உடம்பு குளிர்ந்தது. தலைக்குத் தண்ணீர் விடும்வரை மத்தியான மறு ஒளிபரப்பு ஒன்றைக்கூட விடவில்லை. குணமான பிறகும் அந்தப் பித்து மட்டும் போகவில்லை.

அடுத்த வருஷம் சென்னையில் கட்டணச் சேனல் பார்க்க செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்று வந்தது. எங்கள் வீட்டில் பாக்ஸ் கிடையாது, அதோடு பனியும் போயிற்று. ஆனாலும் விடுவேனா? பனிச்சறுக்கு சீசன் அக்டோபர் கடைசியில் தொடங்கும். அதிலிருந்து வாராவாரம் திங்கள்கிழமை பள்ளி விட்டதும் கேம்ப் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆஸ்திரியாவில் யார் முதல், சுவிட்சர்லாந்தில் யார் விழுந்தார் என்று பார்ப்பேன். பக்கத்து கேபினில் வரன் தேடும் ஆட்கள் நானும் வரன்தான் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நூற்றில் ஒரு பங்கு நொடியில் ஜெயித்தவன் தோற்றவன் கதையைச் சொல்ல ஊரில் ஒருத்தரும் இல்லாமல் அல்லாடினேன்.

கேட்க ஒரே ஓர் ஆள் இருந்தார். எங்கள் எதிர்வீட்டு மெஹரு அக்கா. அவர் கணவர் காதர் பாய்க்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். ஒரே மகன் அன்வர் இத்தாலிக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஓட்டல் சமையலறையில் வேலை. பேப்பர் சரியாகாததால் ஊருக்கு வர முடியவில்லை, வந்தால் திரும்பப் போக முடியாது. இத்தாலி, மலை, பனி என்று நான் எதைச் சொன்னாலும் அக்கா கேட்டுக்கொள்வார். மகனிருக்கும் ஊரின் பேச்சு என்பதால் கேட்டாரே தவிர, பந்தயத்துக்காக இல்லை. அது எனக்கும் தெரியும்.

ஒருமுறை அக்காவை பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிப்போய் வெப்கேமில் அன்வரைக் காட்டப் பார்த்தேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக வந்தது. "இது யாரோ" என்று எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

அந்த ஜனவரியில், வழக்கமாகப் போன் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மூச்சு வாங்கியது.

"டீச்சர், அன்வர மலை மேல உள்ள பிராஞ்சுக்கு மாத்திட்டாங்களாம். நீங்க பாக்குற பந்தயம் அவன் ஓட்டல் வாசல்லயே நடக்குதாம். மொத ஞாயித்துக்கிழம ரெண்டு மணி நேரம் லீவு குடுக்குறாங்க. வந்து முடியற எடத்துல நிப்பேன், டிவில பாருங்கன்னான்."

"அந்தக் கூட்டத்துல எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

"மெரூன் குல்லா போட்டுக்குறேன்னான். நான் அனுப்புனது."

அந்தக் குல்லாவை வாங்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் நடைபாதைக் கடை, அறுபது ரூபாய் மங்கி குல்லா, உச்சியில் மஞ்சள் குஞ்சம். நம் ஊரில் மார்கழி பிறந்ததும் வாக்கிங் போகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அதே. ஊருக்கு வந்து திரும்பிய யாரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். "சளி புடிக்கும், என்ன ஆனாலும் கழட்டாதன்னு சொல்லிட்டேன்" என்றார் பெருமையாக. நானும் தலையாட்டினேன். இரண்டு பேரில் ஒருத்திக்காவது புத்தி வேலை செய்திருக்கலாம்.

இனி பயணம். பந்தயம் நம் நேரப்படி மாலை நாலரைக்கு. என்னுடன் வேலை பார்த்த விஜயா மிஸ் வீடு கீழ்க்கட்டளையில். பாக்ஸ் இருக்கிறது, தாராளமாக வாங்க என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு வீட்டைப் பூட்டினோம். மாடம்பாக்கத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து மேடவாக்கத்துக்கு பஸ், அங்கே மாறிக் கீழ்க்கட்டளைக்கு இன்னொன்று. வேளச்சேரி சாலை அப்போது இப்படி இல்லை. இரண்டு பக்கமும் காலி மனை, நடுநடுவே தண்ணீர் நின்ற பள்ளம், ஞாயிறு மதியத்தில் மாடுகள்தான் போக்குவரத்து போலீஸ். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து செம்பாக்கத்துக் காற்றில் தூங்கியது இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. இன்று அதே தூரத்துக்கு முக்கால் மணி நேரம் புகை குடிக்க வேண்டும். அக்கா தூங்கவில்லை. மடியில் ஒரு தூக்குச்சட்டி, விஜயா மிஸ் வீட்டுக்கு என்று முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டலப்பம்.

நாலு பத்துக்கு கீழ்க்கட்டளை. விஜயா மிஸ் கதவைத் திறந்தபோதே முகம் சரியில்லை. டிவி இருந்தது. அதன்மேல் பாக்ஸும் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடி, கேபிள் வயரைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தார்கள். பெண் பிளஸ் டூ. திருப்புதல் தேர்வில் கெமிஸ்ட்ரி மார்க் வந்த கோபத்தில், முந்தின நாள் சாயங்காலம்தான் அவர் வீட்டுக்காரர் கேபிளைக் கட் பண்ணிவிட்டாராம்.

"காலைல மனசு மாறிடுவார்னு நினைச்சேன் மிஸ். மாறல" என்றார் விஜயா மிஸ்.

"ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மாட்டிட்டு எடுத்திடலாமே சார்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நீங்களே டீச்சர். நீங்களே இப்படிக் கேக்கலாமா?" என்றார்.

பிப்ரவரியில் பிளஸ் டூ இருக்கும் வீட்டில் டிவியை நம்பிப் போனது என் முட்டாள்தனம். வருஷாவருஷம் அதே அறிவுரையைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறவளே நான்தான். அந்தப் பெண் புத்தகத்துக்கு மேலாக எங்களைப் பார்த்த பார்வையில், எங்களைவிட அவளுக்குத்தான் பனிச்சறுக்கு பார்க்க ஆசை அதிகம் என்று தெரிந்தது. அக்கா வட்டலப்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

தெருமுனையில் நின்றோம். நாலு இருபத்தைந்து. "பரவாயில்ல டீச்சர், வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக மகன் முகம் பார்க்காதவரை இவ்வளவு தூரம் இழுத்துவந்து, மூடிக் கிடக்கும் டிவியைக் காட்டிவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஓரமாக நின்றிருந்த ஆட்டோக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்து, "இன்னாக்கா, எங்க போணும்?" என்றார்.

"ஸ்போர்ட்ஸ் சேனல் வர்ற டிவி எங்க இருக்கோ அங்க போகணும்" என்றேன் எரிச்சலாக.

அவர் அசரவில்லை. "கிரிக்கெட்டா?"

"இல்ல, பனில சறுக்குவாங்களே, அது. இவங்க பையன் அங்க நிக்கிறான்."

"பையனா? இத மொதல்லயே சொல்றதில்ல? இந்தப் பக்கம் பாக்ஸ் இல்லாம ஒண்ணும் ஆவாது, ஒரே பேஜாரு. எங்க மச்சான் திருமுடிவாக்கத்துல டீக்கடை வச்சிகினு கீறான். அங்க இந்த பாக்ஸ் கீக்ஸ்லாம் கெடையாது, கேபிள்காரன் எல்லா சேனலயும் சும்மாவே உடுறான். ஏறு, பறந்துடலாம்."

நூற்றெண்பது கேட்டு நூற்றைம்பதுக்கு வந்தார். பறக்கவும் இல்லை. பல்லாவரம் ரயில்வே கேட்டில் நாங்கள் போனதும் மூடினார்கள். ஒரு மின்சார ரயில் இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், பிறகு ஒரு கூட்ஸ். அங்கே மலையில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருவன் வீதம் இறங்கிக்கொண்டிருப்பான் என்று எனக்குள் கணக்கு ஓடியது. கேட் திறந்தது, பம்மல், நாகல்கேணியின் தோல் வாசனை, அனகாபுத்தூர். "அவன் போயிருப்பானா டீச்சர், இல்ல நின்னுகிட்டு இருப்பானா?" என்று அக்கா வழியில் இரண்டு தடவை கேட்டார். கடைசி ஆள் வரை இருப்பான்க்கா என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

தொழிற்பேட்டையில் ஞாயிறு என்பதால் பாதி ஷெட் மூடியிருந்தது. டீக்கடை மட்டும் நிறைந்திருந்தது. இருபது ஆண்கள், ஒரு டிவி, அதில் சண்டைக்காட்சி. மணி ஐந்தரை. நான் வாசலில் தயங்கினேன், எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அக்கா உள்ளே போய்விட்டார். எதிர்வீட்டு வாசலைத் தாண்டிக் குரல் கேட்காத மெஹரு அக்கா.

"தம்பிங்களா, எம்பையன் டிவில வர்றான். நாலு வருஷமா நான் அவனப் பாக்கல. கொஞ்சம் மாத்துறீங்களா?"

ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. "மாத்துடா" என்று நாலு குரல் ஒன்றாக வந்தது. ஆட்டோக்காரர் தானே ரிமோட்டை வாங்கி அமுக்கினார். வெள்ளை வெளேரென்று மலை வந்தது. இரண்டு ஸ்டூல் காலியாயின.

பந்தயம் இருபதாம் எண் வீரரைத் தாண்டியிருந்தது. முதலிடத்தில் ஓர் ஆஸ்திரியர் நின்றார். கடைக்கே நான் டீச்சரானேன். நேரம் பச்சையில் வந்தால் முந்துகிறான், சிவப்பில் வந்தால் பிந்துகிறான், யாராவது முதலிடத்துக்கு வந்தால்தான் கேமரா கூட்டத்தைக் காட்டும் என்று விளக்கினேன். அது போதும் அக்காவுக்கு. எந்த நாடு, எந்தப் பெயர் என்று கேட்கவேயில்லை. ஒவ்வொருத்தன் கிளம்பும்போதும் உதடு அசைந்தது, ஒவ்வொரு முறையும் சிவப்பு. வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த ஒருவர், "இந்தாளாவது பச்சை வாங்குவானான்னு பாரு" என்று டீயை மறந்து உட்கார்ந்திருந்தார்.

அவரே கொஞ்ச நேரத்தில் திரும்பி, "பையன் எப்டி இருப்பாருக்கா?" என்றார்.

"மெரூன் குல்லா தம்பி. மஞ்ச குஞ்சம் வச்சது. மங்கி குல்லா."

"மங்கி குல்லாவா? அத மாட்டுனா கண்ணு மட்டுந்தானே தெரியும். மூஞ்சி எப்டி பாப்பீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு மாதமாக இரண்டு பேரும் குல்லாவின் நிறம், குஞ்சம் எல்லாம் பேசியிருக்கிறோம். அது முகத்தை மூடும் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. "நாந்தான் கழட்டாதன்னு சொன்னேன்" என்றார் அக்கா, யாரிடமும் இல்லாமல். "நான் சொன்னா கேக்குற பையன் டீச்சர். கழட்ட மாட்டான்."

இருபத்தெட்டு, சிவப்பு. இருபத்தொன்பது, சிவப்பு. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இனி அந்த ஆஸ்திரியரை யாரும் தாண்டப்போவதில்லை, எழுந்துவிடலாமா என்று மெல்லக் கேட்டேன். "இந்த ஒரு ஆள் போகட்டும்" என்றார்.

அந்த ஓர் ஆள் முப்பதாம் எண், பிரான்ஸ்காரர். பாதி வழியில் காட்டும் முதல் இடைநேரம் பச்சை. கடையில் யாரோ விசிலடித்தார்கள். இரண்டாவதும் பச்சை. வெல்டிங்காரர் எழுந்து நின்றார். தாவிக் குதித்து, குனிந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியபோது பெரிய பச்சை எண். நம்பவே முடியாத வித்தியாசத்தில் முதலிடம். மூன்று சீசன் இணையத்தில் எண்களாக மட்டும் பார்த்த எனக்கு அந்தக் கணத்தின் அருமை தெரியும். ஆனால் நான் அவரைப் பார்க்கவில்லை. கேமரா திரும்பிவிட்டது.

கூட்டம் குதித்தது. கொடிகள், கைகள், தொப்பிகள். வேலியோரம், வலது மூலையில், மெரூன். மஞ்சள் குஞ்சம். அது கேமராவை நேராகப் பார்த்தது. பிறகு ஒரு கை மேலே போய் குல்லாவை வெடுக்கென்று உருவியது. கலைந்த தலையோடு ஒரு முகம், இரண்டு நொடி இருக்குமோ என்னவோ, வாய் திறந்து சிரித்தது. மறுபடி மலை வந்துவிட்டது.

எனக்குச் சத்தியமாக அடையாளம் தெரியவில்லை. நான் அன்வரைப் பார்த்தபோது மீசைகூடச் சரியாக முளைக்காதவன். யாராகவும் இருக்கலாம். கடையே கைதட்டியது. அக்கா கைதட்டவில்லை, அழவில்லை. டிவியை நோக்கி விரலை நீட்டி, "ஏன்டா கழட்டுன?" என்றார்.

திரும்பும்போது கடைக்காரர் டீக்குக் காசு வாங்கவில்லை. ஆட்டோக்காரர் பல்லாவரம் வரை சும்மா கொண்டுவிட்டார். அங்கிருந்து தாம்பரத்துக்கு ரயில் நாலு ரூபாய், பிறகு பஸ். ஏழரைக்குள் வீடு.

இப்போது போக நினைப்பவர்களுக்கு: போகவே வேண்டாம். எங்கள் மொட்டை மாடியிலேயே டிஷ் வந்துவிட்டது, எல்லாச் சேனலும் தெரிகிறது. பிரௌசிங் சென்டர் செல்போன் கடையாகிவிட்டது. கீழ்க்கட்டளைப் பெண் இன்ஜினியரிங் முடிக்கப்போகிறாள், கெமிஸ்ட்ரியில் எப்படியோ தேறினாள். இந்த சீசனை சோபாவில் சாய்ந்தபடி தனியாகப் பார்க்கிறேன். வசதிதான். ஆனாலும் பச்சை வரும்போது விசிலடிக்க ஆளில்லாத பந்தயம் எனக்கு உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது. இந்த முறை ஒரு நாளாவது அந்த டீக்கடைக்குப் போவதாக இருக்கிறேன். அது இன்னும் இருக்கிறதா என்று தெரியாது.

அந்தப் பந்தய நாள் இரவு எட்டு மணிக்கு அன்வரின் போன் வந்தது. நானும் அங்கே இருந்தேன். காதர் பாய் ஸ்பீக்கரைப் போட்டார். எப்படி இருக்கிறாய் என்று அக்கா கேட்கவில்லை, டிவியில் பார்த்ததாகவும் சொல்லவில்லை.

"அந்தப் பனில குல்லாவ ஏன்டா கழட்டுன?"

லைன் கட்டாகிவிட்டது என்றே காதர் பாய் நினைத்தார். பிறகு குரல் உடைந்து வந்தது.

"உம்மா... பாத்துட்டீங்களா?"

"காதுல காத்து போயிருக்கும். இப்ப போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் உம்மா."

பனிப் பிரதேசத்துக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் உள்ள ஒரே யோசனை இதுதான். மங்கி குல்லா கண்டிப்பாக எடுத்துப்போங்கள், தாம்பரத்தில் மலிவாகக் கிடைக்கும். கேமரா உங்கள் பக்கம் திரும்பினால் மட்டும் கொஞ்சம் கழற்றிவிடுங்கள். வீட்டில் திட்டுவார்கள். பரவாயில்லை.